பூசி மெழுகிய ஒரு வரி

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். முன்பு விளக்குவேன். கேட்டவர் பாதியிலேயே கொட்டாவி விடுவார். இங்கே விளக்கித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த தப்பு என்னவென்று உங்களுக்குத் தெரியாது.

காரைக்கால் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள்தான் எங்கள் அலுவலகம். மொத்தம் ஆறு பேர். மீன்பிடிப் படகு வைத்திருப்பவர்களுக்காக ஒரு ஆப் நடத்துகிறோம். படகுக்காரர் எதையும் தட்டித் தேட வேண்டியதில்லை. போனை வாயருகே வைத்துப் பேசினால் போதும், உள்ளே இருக்கும் ஏ.ஐ. ஏஜென்ட் அதைக் கேட்டு வேலையை முடித்துவிடும். துறைமுகத்தில் அதற்கு 'போன் கிளார்க்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தக் கிளார்க்கு தானாக எதையும் செய்துவிட முடியாது. நாங்கள் கொடுத்திருக்கும் கருவிகளைத்தான் எடுத்துப் பயன்படுத்தும். ஒரு கருவி படகைப் பதிவு செய்யும். ஒன்று ஆட்கள் பட்டியலைக் காட்டும். ஒன்று என்ஜினுக்கு ஆயில் மாற்றிய தேதியைக் குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு கருவியோடும் நாலைந்து வரி விளக்கம் இருக்கும்: இது என்ன செய்யும், எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கக் கூடாது. கருவிக்குள்ளே என்ன நிரல் ஓடுகிறது என்பது ஏஜென்ட்டுக்குத் தெரியாது. அந்த நாலைந்து வரியைப் படித்துவிட்டுத்தான் எந்தக் கருவியை எடுப்பது என்று முடிவு செய்யும். அந்த வரிகளை எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் படித்தது பி.ஏ. தமிழ். தமிழ் படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டவர்களிடமெல்லாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

படகுக்காரர்கள் எங்கள் ஆப்புக்கு வந்ததே பாயின்ட்டுக்காகத்தான். கடலில் எந்த இடத்தில் மீன் கிடைக்கும், எந்த இடத்தில் அடியில் கல் இருக்கிறது, மூழ்கிய கப்பல் எங்கே கிடக்கிறது என்பதையெல்லாம் ஜி.பி.எஸ். கருவியில் எண்ணாகக் குறித்து வைத்திருப்பார்கள். அதுதான் பாயின்ட். நகையைக்கூட அடுத்தவருக்கு இரவல் கொடுப்பார்கள், பாயின்ட்டைக் கொடுக்க மாட்டார்கள். கூடப் பிறந்த தம்பி தனிப் படகு வாங்கினால் அவனுக்கும் கிடையாது. கருவியில் உப்பேறிப் போனால் இத்தனை வருடப் பாயின்ட்டும் போய்விடுமே என்ற பயத்தில்தான் எங்களிடம் சேமிக்க ஒத்துக்கொண்டார்கள்.

ஒத்துக்கொள்ளும்போது படகுக்காரர்கள் சங்கத்தில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஒருவர் படகை விற்றுவிட்டால் அவருடைய பாயின்ட் வாங்கினவர் கைக்குப் போகக் கூடாது, எங்கள் அலுவலகத்திலும் ஒரு பிரதிகூட மிஞ்சக் கூடாது. நியாயமான கோரிக்கைதான். அதற்காக ஒரு கருவி செய்தோம். அதை ஓட்டினால் படகின் கோப்பு மொத்தமும் அழியும். பாயின்ட், ஆட்கள் பட்டியல், நாங்கள் தினமும் எடுத்து வைக்கும் பிரதி எல்லாமே அந்த நிமிடமே போய்விடும். எங்கள் முதலாளியே நினைத்தாலும் மீட்க முடியாது. அப்படித்தான் அவர்கள் கேட்டார்கள், அப்படியே செய்துகொடுத்தோம்.

அந்தக் கருவிக்கு நான் முதலில் எழுதிய விளக்கம் இது: "இந்தக் கருவி படகின் கோப்பை முழுவதுமாக அழித்துவிடும். பாயின்ட்டுகளும் பிரதிகளும் சேர்ந்தே அழியும். எதுவும் திரும்பி வராது. படகை விற்றுவிட்டேன் என்று உரிமையாளரே சொன்னால் மட்டும் பயன்படுத்தவும்." இன்றைக்குப் படித்தாலும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பேசாமல் அப்படியே விட்டிருக்கலாம்.

எல்லா விளக்கங்களையும் தமிழிலேயே எழுதச் சொன்னதும் சங்கம்தான். மிசினுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று எங்களுக்கும் தெரிய வேண்டும் என்றார்கள். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தாளில் அச்சடித்துச் சங்கக் கட்டடத்துக்கு எடுத்துப் போனேன். மாதிரிக்காக ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் சங்கச் செயலாளருடைய படகின் பெயரைப் போட்டிருந்தேன், அவர் சந்தோஷப்படுவார் என்று. செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். அழிக்கும் கருவியின் தாள் வந்தது. தன் படகின் பெயரைப் படித்தார். அடுத்து "முழுவதுமாக அழித்துவிடும்" என்று படித்தார். "எதுவும் திரும்பி" என்பதோடு நிறுத்திவிட்டார்.

பின்வரிசையில் இருந்த ஒருவர் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"என்னம்மா இது," என்றார் செயலாளர். கோபம் இல்லை, வருத்தம்தான். "வெளியூர்ப் புள்ள எழுதியிருந்தாக்கூடத் தெரியாம எழுதிருச்சுன்னு விட்டுடலாம். கிளிஞ்சல்மேட்டுல பொறந்த புள்ள, நீயே எம் போட்டு பேருக்குக் கீழ இப்படி எழுதலாமா?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர் சொன்னது எனக்குத் தெரியாததா? நான் பிறந்த வீட்டில் 'திரும்பி வராது' என்ற பேச்சே கிடையாது. பஸ் போய்விட்டால் "அடுத்தது வரும்" என்போம். செருப்பு அலையில் அடித்துக்கொண்டு போனால் "எங்கயாவது ஒதுங்கும்" என்போம். கடலுக்குப் போன ஆண்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் அந்த வார்த்தை யார் வாயிலாவது வந்தால், என் அம்மா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வந்து வாயிலேயே ஒன்று போடுவார். சுனாமி வந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. அதில் போன தன் தம்பியைப் பற்றி அம்மா எத்தனையோ வருடம் "வருவான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படி ஒரு 'வருவான்' இருந்தது.

அதனால் அந்தத் தாளை வாங்கி அங்கேயே மடித்துப் பைக்குள் வைத்தேன். "மாத்திக் குடுத்துடுறேன் மாமா," என்றேன். "படகை விற்றுவிட்டேன்" என்ற வரியும் உறுத்துகிறது என்று இன்னொருவர் சொன்னார். படகை விற்பது எங்கள் பக்கம் பெருமையான செய்தி இல்லை. அதையும் எடுத்துவிடுகிறேன் என்று தலையாட்டினேன்.

மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். "கடலுக்குப் போகாத படகின் பதிவை நிறைவு செய்து, பட்டியலைச் சீராக வைக்கும்." ஒரே வரி. வாசிக்க நன்றாக இருந்தது. எவர் மனமும் புண்படாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. முதல் விளக்கத்தை எழுதிய அன்றே எனக்கு நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொண்டது, படகு ஓட்டும் என் அண்ணன் அன்றைக்குக் கடலில் இருந்தார். ஆகவே சங்கத்தின் மேல் முழுப் பழியையும் போட எனக்கு யோக்கியதை இல்லை. அவர்கள் சொன்னது ஒரு சாக்கு. பூசி மெழுகியது நான்.

எங்கள் முதலாளி, பெங்களூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: "அழிஞ்சிடும்னு சொல்ல வேணாமா?"

"அதெல்லாம் புரிஞ்சுக்கும் சார்," என்றேன்.

எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும். 'நிறைவு' என்று பட்டும் படாமலும் சொன்னால், சொல்லாத மிச்சத்தைக் கேட்பவர் தானே நிரப்பிக்கொள்வார், ஏனென்றால் அவர் வீட்டிலும் அதே பழக்கம் உண்டு. அந்த மிசின் எந்த வீட்டில் வளர்ந்தது? அதற்கு என் வரியைத் தவிர வேறு என்ன தெரியும்? அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பா கடலுக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து விசைப்படகை அவர்தான் ஓட்டுகிறார். அவருடைய ஜி.பி.எஸ்.ஸில் இருநூறுக்கும் மேலே பாயின்ட் இருந்தது. எங்கள் ஆப்பில் சேரவே மாட்டேன் என்றவரை நான்தான் நச்சரித்துச் சேர்த்தேன். ஒரு மழைநாளில் நான் வாழ்க்கைப்பட்ட கோவில்பத்து வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல நானே ஏற்றினேன். என் வீட்டுக்காரர் அறைக்குள் வந்தபோது அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் வெளியே போன பிறகுதான் அடுத்த எண் வந்தது. எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இந்த ஊரில் என் அண்ணன் பாயின்ட் தெரிந்த ஒரே ஆள் நான்.

இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் முன்பு அவருடைய பழைய கருவியின் திரை மங்கிவிட்டது. நாகப்பட்டினத்தில் ஒரு கடையில் பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அண்ணன் தயங்கினார்.

"அதுல இருக்கறதெல்லாம் நம்ம ஆப்லயும் இருக்கு அண்ணே. குடுத்துருங்க. தடை முடியறதுக்குள்ள புதுசுல நானே ஏத்தித் தர்றேன்," என்றேன்.

கொடுத்துவிட்டார். புதிய கருவி பெட்டியைப் பிரிக்காமல் அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. படகைக் கரையேற்றியிருந்ததால் அவசரம் ஒன்றும் இல்லை.

கிழக்குக் கரையில் ஏப்ரல் நடுவிலிருந்து இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன் இனப்பெருக்கத்துக்காக. சின்ன ஃபைபர் படகுகள் மட்டும் பக்கத்தில் போய் வரும். தடை தொடங்கி இரண்டாவது வாரம் ஐஸ் பிளான்ட்டிலிருந்து செயலாளரைக் கேட்டிருக்கிறார்கள், தினமும் எத்தனை படகுக்கு ஐஸ் வேண்டும் என்று. அவர் பட்டியலைத் திறந்தால் எல்லாப் படகும் கலந்து கிடக்கிறது. போனை எடுத்துக் கிளார்க்கிடம் சொல்லியிருக்கிறார்: "இப்ப கடலுக்குப் போகாத போட்டையெல்லாம் லிஸ்ட்லேருந்து எடுத்துரு."

தடைக்காலத்தில் கடலுக்குப் போகாத படகு என்றால் என்ன? ஊரில் இருக்கிற அத்தனை விசைப்படகும்தான். எங்களிடம் இதற்கென்றே இன்னொரு கருவி இருந்தது, படகைப் பட்டியலில் தற்காலிகமாக மறைத்து வைக்க. அதன் விளக்கம் "தேவையில்லாத படகுகளைப் பட்டியலில் காட்டாமல் வைக்கும்" என்று மொட்டையாக இருந்தது. அதையும் நான்தான் எழுதினேன். ஏஜென்ட் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது. ஒன்றில் 'கடலுக்குப் போகாத படகு' என்றே இருக்கிறது, செயலாளர் சொன்னதும் அதேதான். அதை எடுத்தது.

செயலாளருக்குப் பதில் வந்தது: "முப்பத்தெட்டுப் படகுகளின் பதிவு நிறைவு செய்யப்பட்டது. பட்டியல் சீராக உள்ளது." அவர் சந்தோஷமாக ஐஸ் பிளான்ட்டுக்குப் போன் போட்டுவிட்டார்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது ஒரு படகுக்காரர் அழைத்தார், ஆப்பில் தன் படகே இல்லை என்று. இரண்டாவது அழைப்பு வந்தது. மூன்றாவது வந்தபோது நான் ஏஜென்ட்டின் குறிப்பேட்டைத் திறந்திருந்தேன். எந்தக் கருவியை ஏன் எடுத்தது என்று அதில் அதுவே எழுதிவைக்கும். "கடலுக்குப் போகாத படகுகளுக்கான கருவி இது. பட்டியலைச் சீராக வைக்கும் என்று விளக்கம் சொல்கிறது. பயனர் கேட்பதும் இதுவே." அதற்குக் கீழே முப்பத்தெட்டுப் பெயர்கள். பன்னிரண்டாவது பெயர் அண்ணனுடைய படகு.

நான் அதன் இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். மிசினைத் திட்டலாம் என்றால் திட்டுவதற்கு ஒரு இடம்கூட அது வைக்கவில்லை.

முதலாளி வந்து என் பின்னால் நின்று படித்தார். "பிரதி?" என்றார். அவருக்கே தெரியும். இல்லை என்று தலையசைத்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஐந்து நாளும் நாங்கள் ஆறு பேரும் துறைமுகத்தில்தான் இருந்தோம். நல்லவேளையாக மற்றவர்களின் ஜி.பி.எஸ். அவரவர் படகில் இருந்தது. கரையேற்றிய படகுகளில் ஏணி போட்டு ஏறி, உரிமையாளர் பக்கத்தில் நிற்க, ஒவ்வொரு பாயின்ட்டையும் மறுபடி ஏற்றினோம். முதலாளி பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு ஏறினார். எல்லாரும் வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். செயலாளர் மட்டும் என்னைப் பார்த்தபோது பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஏழெட்டுப் படகில் சில்லறையாகச் சில பாயின்ட் போயிருந்தது. முழுவதும் போனது ஒரே ஒரு படகுக்கு.

நாகப்பட்டினம் கடைக்கு முதல் நாளே பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டேன். கடைக்காரர் நல்ல மனிதர். பழைய கருவியை எடுத்துக் காட்டினார். வாங்கிய அன்றே உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் பழுது பார்க்க எடுத்து வைப்பார்களாம். "பாயின்ட்டு இன்னொருத்தர் கைக்குப் போயிடக் கூடாதுன்னு போட்டுக்காரங்களே கேட்டுக்குவாங்க," என்றார்.

அண்ணனிடம் சொல்வதை மூன்று நாள் தள்ளிப்போட்டேன். அவர் ஆப்பைத் திறந்து பார்க்கிற ஆள் இல்லை. ஊரில் எப்படியும் காதில் விழுந்துவிடும் என்பதால் நான்காம் நாள் காலையில் போனேன். படகின் அடியில் குனிந்து ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஆப்ல ஒரு சின்னப் பிரச்சினை அண்ணே," என்றேன்.

"என்னவாம்?"

"கொஞ்சம் பாயின்ட்டெல்லாம் இப்ப காட்ட மாட்டேங்குது."

"ஊரே அதத்தான் பேசிக்கிட்டு இருக்கு. சரியானதும் சொல்லு. இன்னும் நாள் கெடக்கே," என்று சொல்லிவிட்டு மறுபடி சுரண்டப் போய்விட்டார்.

நான் ஸ்கூட்டி வரைக்கும் நடந்தேன். சாவியையும் போட்டுவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. மூன்று நாளாகப் படகுக்காரர்களிடம் ஏச்சு வாங்கியும் புத்தி வரவில்லை, அதே மென்று விழுங்கல். அவர் நம்பிக்கொண்டு சிப்பி சுரண்டுகிறார். பெட்டியில் இருக்கும் புதிய கருவி நிறையும் என்று காத்திருக்கிறார். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. திரும்பிப் போனேன்.

"அண்ணே, சரியாகாது. உங்க பாயின்ட் எல்லாம் அழிஞ்சுபோச்சு. நாகப்பட்டினத்துலயும் போய்ப் பாத்துட்டேன், பழைய மிசின்லயும் இல்ல. திரும்பி வராது."

சுரண்டும் சத்தம் நின்றது. அவர் நிமிரவில்லை.

"யாரு அழிச்சா?"

"போன் கிளார்க்கு. நான் எழுதினதப் படிச்சுட்டு."

"நீ என்ன எழுதியிருந்த?"

அந்த வரியைச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடமாக இருந்தது.

"இதுல அழிச்சிரும்னு எங்க இருக்கு?"

"இல்ல அண்ணே."

"அப்ப அது மேல என்ன தப்பு," என்றார். மறுபடி சுரண்டத் தொடங்கினார். "வெயில் ஏறுது. வீட்டுக்குப் போ பாப்பா," என்றார்.

திட்டவே இல்லை. அண்ணி போனில் அழுதார், அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அண்ணன் என்னிடம் பேசவும் இல்லை, பேசாமலிருக்கிறேன் என்று காட்டிக்கொள்ளவும் இல்லை. அதன் பிறகு நடந்ததெல்லாம் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாலையில் படகு வேலை முடிந்து வந்ததும் ஒரு நீள நோட்டை அண்ணியிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவாராம். முகத்துவாரத்திலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு நேரம் ஓட்டம், ஆறடிக் கணக்கில் எத்தனை பாகம் ஆழம், கரையில் எது தெரியும் என்று ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்து வருவது போல் சொல்லுவாராம். சில எண்கள் நாக்கிலேயே இருந்தன. சிலதுக்கு அரைமணி நேரம் ஆகும். சில நாள் ஒன்றும் வராமல் எழுந்து போய்விடுவார். தடை முடிவதற்குள் பாதிக்கு மேலே எழுதிவிட்டார்கள் என்று அண்ணி சொன்னார். பாதி என்பதை நானும் அண்ணியும் பெரிய எண்ணாகவே பேசிக்கொண்டோம்.

அலுவலகத்தில் எனக்கும் வேலை இருந்தது. அழிக்கிற, மாற்றுகிற, அனுப்புகிற கருவிகள் எல்லாவற்றின் விளக்கத்தையும் முதலிலிருந்து எழுதினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், ஆனாலும் செய்தாக வேண்டுமே. படகின் கோப்பை அழிக்கும் கருவிக்கு மட்டும் ஒரு நாள் முழுக்க ஆனது. என்னென்ன அழியும் என்று பெயர் பெயராகச் சொன்னேன். பிரதியும் அழியும், யாராலும் மீட்க முடியாது, திரும்பி வராது என்று எழுதினேன். படகு விற்கப்பட்டது என்று அதன் உரிமையாளரே சொன்னால் மட்டும்தான் எடுக்க வேண்டும், சங்கத்தார் சொன்னால் போதாது. தடைக்காலத்தில் கரையில் இருக்கும் படகு விற்ற படகு ஆகாது. பட்டியலைச் சுருக்குவதற்கு இதை எடுக்கக் கூடாது, அதற்கு மறைக்கும் கருவி இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட படகுகளுக்கு ஒரே நேரத்தில் ஓட்டவே கூடாது. ஓட்டும் முன்பு என்ன அழியப் போகிறது என்று உரிமையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லி, அவர் சரி என்ற பிறகே ஓட்ட வேண்டும். எழுத்தை மட்டும் நம்பி விடவில்லை. அழித்த கோப்பு பதினைந்து நாள் பூட்டிய இடத்தில் இருந்து பிறகுதான் போகும்படி நிரலையும் மாற்றச் சொல்லிச் சங்கத்தில் சம்மதம் வாங்கினார் முதலாளி. அப்படி மாறியதும் விளக்கத்தில் 'பதினைந்து நாள் வரை மீட்கலாம், அதன் பிறகு திரும்பி வராது' என்று திருத்தினேன். பயமுறுத்துவதற்காகக்கூட இல்லாததை எழுதக் கூடாது என்று தோன்றியது.

பிறகு செயலாளர் சொன்ன அதே வாக்கியத்தை ஏஜென்ட்டிடம் நானே சொல்லிப் பார்த்தேன். அது கேட்டது: "விசைப்படகுகளைப் பட்டியலில் தற்காலிகமாக மறைத்து வைக்கட்டுமா? எதுவும் அழியாது, எப்போது வேண்டுமானாலும் மீண்டும் காட்டலாம்." அதே மிசின்தான். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, என் சோம்பலால் இல்லை, என் நாகரிகத்தால் கேட்கப்படாமல் போயிருக்கிறது.

புதிய தாள்களைச் சங்கத்தில் காட்டியபோது செயலாளர் உரக்கப் படிக்கவில்லை. மனதுக்குள் படித்தார். 'திரும்பி வராது' என்ற இடத்துக்கு வந்ததும் அதன் மேல் விரலை வைத்தார்.

"இருக்கட்டும்மா," என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தடை முடிந்து படகுகள் கிளம்பின. அண்ணனுடைய படகும் புதுப் பெயின்ட்டோடு போனது. புதிய ஜி.பி.எஸ்.ஸில் நோட்டில் இருந்த பாயின்ட்டுகளை அவரே ஏற்றிக்கொண்டார் என்று அண்ணி சொன்னார். என்னைக் கூப்பிடவில்லை. நான் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது கூப்பிடாதபோதுதான் தெரிந்தது.

மற்ற படகுகள் திரும்புவதற்கு முன்பே அண்ணன் கரைக்கு வந்துவிட்டார். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் பைக் சத்தம் கேட்டது. அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்த காயம். டீ போட்டுக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டில் கிழித்த ஒரு துண்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். ஒரே ஒரு பாயின்ட் எழுதியிருந்தது.

"இங்க அடியில கல்லு கெடக்கு. மடி மாட்டிக்கிச்சு. இழுத்துப் பாத்தோம், வரல. அறுத்து விட்டுட்டு வந்துட்டோம்."

மடி என்பது விசைப்படகு இழுத்துப் போகும் பெரிய வலை. அதை அறுத்துவிட்டு வருவது என்றால் அந்த மாதம் கரையில்தான்.

"இது உங்ககிட்ட முன்ன இருந்த பாயின்ட்டா அண்ணே?"

"இருந்துச்சு. நெனப்புல எழுதுனதுல கொஞ்சம் தள்ளிப் போயிருச்சு."

துண்டுத் தாளை என் பக்கமாக நகர்த்தினார்.

"இத எல்லாப் போட்டுக்கும் தெரியற மாதிரி போடு," என்றார். "இன்னொருத்தன் மடி போவ வேணாம்."

பாயின்ட்டை யாருக்கும் கொடுக்காத மனிதர் இதைச் சொல்கிறார். அவர் எதிரிலேயே லேப்டாப்பைத் திறந்து ஏற்றினேன், எண்ணை இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினேன், சரி என்றார். அடியில் கல் இருக்கிறது, இங்கே வலை இழுக்காதீர்கள் என்று நேராகவே எழுதினேன். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"மத்த பாயின்ட்டையும் கொண்டாந்தீங்கன்னா ஏத்திடலாம் அண்ணே. இப்ப எல்லாம் மாத்திட்டோம். அழிஞ்சாலும் பதினஞ்சு நாளைக்கு எடுக்கலாம்," என்றேன்.

"மத்தது நோட்டுல இருக்கு," என்றார்.

பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நோட்டை எங்கே வைத்திருக்கிறார் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.